பாரிஸில் ஆறு இரவுகள்: செலவையும் திருடனையும் சேர்த்தே சமாளிப்பது எப்படி?

பாரிஸ் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு புலம்பல்களில் ஒன்றாவது வரும். போட்ட கணக்கைவிட ஒன்றரை மடங்கு செலவாகிவிட்டது என்பார்கள். இல்லையென்றால் மெட்ரோவில் பர்ஸ் போய்விட்டது என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேளுங்கள், இரண்டும் நடந்த நேரம் ஒரே மாதிரியாக இருக்கும். விமானத்திலிருந்து இறங்கிக் கண் சொருகிய முதல் மாலை, பசியோடு ஈஃபில் கோபுரத்தடியில் நின்ற மதியம், பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க எந்தப் பொத்தானை அழுத்துவது என்று டிக்கெட் இயந்திரத்தின் முன் தடுமாறிய இரண்டு நிமிடம். அப்போதுதான் ஒரு யூரோகூடப் பெறாத தண்ணீர் பாட்டிலைப் பல மடங்கு விலைக்கு வாங்குவோம். அப்போதுதான் பையின் ஜிப்பையும் மறப்போம்.

அதனால் பட்ஜெட்டைத் தனியாகவும் பாதுகாப்பைத் தனியாகவும் நான் எழுதப்போவதில்லை. களைப்பும் அவசரமும் குழப்பமும் வரும் இடங்கள் எவை என்று முன்பே தெரியும். அங்கே எடுக்க வேண்டிய முடிவுகளை வீட்டிலேயே எடுத்துவைத்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். கணக்கு இரண்டு பேருக்கு, சென்னையிலிருந்து, ஆறு இரவுகளுக்கு. விமானக் கட்டணத்தை இதில் சேர்க்கவில்லை, அது நீங்கள் என்றைக்கு டிக்கெட் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உண்மையான மதிப்பு அதற்குச் சற்று மேலே.

திங்கட்கிழமை இறங்குங்கள்

இதை ஜோசியம் என்று நினைக்க வேண்டாம். பாரிஸ் மெட்ரோவின் வாரப் பாஸான நவிகோ, நீங்கள் நினைத்த நாளில் தொடங்கி ஏழு நாளுக்குச் செல்லாது. திங்கள் காலை தொடங்கி ஞாயிறு இரவில் முடிந்துவிடும். 2025 கட்டணப்படி வாரத்துக்கு 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோ. விமான நிலைய ரயில், மெட்ரோ, பஸ், டிராம், வெர்சாய் அரண்மனைக்குப் போகும் ரயில் எல்லாம் அதற்குள் அடக்கம்.

பாஸ் இல்லாமல் போனால் என்ன ஆகும்? அதே 2025 கட்டணப்படி விமான நிலையத்துக்கு ஒரு வழி 13 யூரோ, போகவர 26. நகரத்துக்குள் மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ. ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்குவீர்கள் என்று வைத்தால் ஆறு நாளில் 60. ஆக ஒருவருக்கு 86 யூரோ. பாஸ் எடுத்தால் 36.60. இரண்டு பேருக்குச் சுமார் 100 யூரோ மிச்சம், அதாவது பத்தாயிரம் ரூபாய். விமான டிக்கெட் போடும்போது திங்கள் போய் ஞாயிறு திரும்பும்படி பார்த்தாலே போதும். கட்டணங்கள் ஜனவரிதோறும் சற்று ஏறும், ஆனால் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

வெள்ளிக்கிழமை இறங்குகிறீர்கள் என்றால் வாரப் பாஸ் வேண்டாம். நவிகோ ஈஸி என்று 2 யூரோவுக்கு ஒரு அட்டை உண்டு, அதில் டிக்கெட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ஒரே அட்டையைத் தட்டி இரண்டு பேர் உள்ளே போகக் கூடாது. ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். இதைத் தெரியாமல் பரிசோதகரிடம் மாட்டிக்கொள்ளும் தம்பதிகள் ஏராளம். அபராதம் இரண்டு பேரின் ஒரு நாள் சாப்பாட்டை விழுங்கிவிடும்.

வாரப் பாஸ் அட்டைக்கு இரண்டரை செ.மீ. அகலம், மூன்று செ.மீ. உயரத்தில் ஒரு புகைப்படம் ஒட்ட வேண்டும். விசாவுக்கு எடுத்த படத்தில் மீதம் இருப்பதை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் படக் கூண்டைத் தேடினால் அதற்கும் காசு, அதற்கும் ஒரு தடுமாற்றம். கவுண்டரில் ‘பாரிஸ் விசித்’ என்ற சுற்றுலாப் பாஸை நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். விமான நிலையத்தையும் சேர்த்து எடுத்தால் அது வாரப் பாஸைவிடக் கூடுதல்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பரும், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரையும் அறை வாடகை இறங்கும், குளிரைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஃபேஷன் வாரம் வரும், அந்த நாட்களில் சாதாரண அறைகூட விலை ஏறிக்கிடக்கும். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், சின்னச் சின்னக் கடைகள் பூட்டிக்கிடக்கும்.

விசாவில் போகும் பணம்

ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். அதிலேயே திருட்டும் பாஸ்போர்ட் தொலைவதும் சேர்ந்த திட்டமாகப் பாருங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் இருக்கும். கையில் காட்ட வேண்டிய பணத்துக்குப் பிரான்ஸ் ஒரு அளவு வைத்திருக்கிறது. ஹோட்டல் பதிவு இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, பதிவு இல்லாவிட்டால் 120. விசா கையில் வரும்வரை ரத்து செய்ய முடியாத அறைக்கோ டிக்கெட்டுக்கோ பணம் கட்டாதீர்கள்.

2025 அக்டோபரிலிருந்து எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுத்துப் பதிவுசெய்யும் முறை வந்திருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு வரிசை நீளும். இதை நேரக்கணக்கில் சேருங்கள்.

அறை

பாரிஸ் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. நத்தை ஓட்டைப் போல நடுவிலிருந்து சுழன்று வெளியே போகும். நடுவில் இருப்பது முதல் வட்டாரம். சிக்கனமாகத் தங்க என் தேர்வு தெற்கே உள்ள 13, 14, 15ஆம் வட்டாரங்கள். குடும்பங்கள் வாழும் தெருக்கள், பக்கத்திலேயே சூப்பர் மார்க்கெட், இரவு பத்து மணிக்குத் தெருவில் நாயோடு நடக்கிறவர்கள் இருப்பார்கள். காசைச் சேமிக்க நகர எல்லையைத் தாண்டிப் புறநகரில் அறை எடுத்து, ராத்திரி பதினொரு மணிக்கு வெறிச்சோடிய நிலையத்தில் இறங்கி நடப்பது என்ன லாபம் என்று எனக்குப் புரிந்ததில்லை. கார் துய் நோர் ரயில் நிலையத்தைச் சுற்றியும் பார்பெஸ், ஸ்தாலின்கிராத் பக்கமும் விலை குறைவாகத் தெரியும். பகலில் பிரச்சினை இல்லை. முதல்முறை போகிறவர்கள் பெட்டியோடு இரவில் போய் இறங்க ஏற்ற இடம் அது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு பேருக்கு நல்ல, சின்ன அறை 110 முதல் 130 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன என்றால் நிஜமாகவே சின்னது, பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாது. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் வளைந்து வளைந்து போகும் மரப்படிதான். அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு ஒரு இரவுக்குச் சுற்றுலா வரி உண்டு. மூன்று நட்சத்திர ஹோட்டலில் அது 5 யூரோவைத் தாண்டும். ஆறு இரவு, இரண்டு பேர் என்றால் 60 யூரோவுக்கு மேல். பதிவுசெய்யும்போது காட்டும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீடு வாடகைக்கு எடுப்பதானால் விளம்பரத்தில் 13 எழுத்து-எண்கள் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும், அது பாரிஸ் நகரசபை விதி. ‘தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் தள்ளுபடி’ என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால் அந்த வீடே இல்லை என்று முடிவுகட்டிவிடலாம்.

ஒரு நாள் கணக்கு

இரண்டு பேருக்கு அறையும் வரியும் 130, சாப்பாடு 55, பார்க்கும் இடங்கள் சராசரியாக 40, போக்குவரத்து 12. ஆக ஒரு நாளைக்கு 237 யூரோ. ஆறு நாளுக்குச் சுமார் 1,420. இதற்கு மேல் 200 யூரோவைத் தனியாக எடுத்துவைத்து ‘களைப்புப் பணம்’ என்று பெயர் வையுங்கள். கால் கடுத்து டாக்ஸி பிடிப்பது, மழையில் நனைந்து கஃபேயில் உட்காருவது, குடை வாங்குவது எல்லாம் இதிலிருந்து. இந்தத் தொகை இல்லாத பட்ஜெட் இரண்டாவது நாளே உடையும். உடைந்த பிறகு கணக்கு எழுதுவதையே நிறுத்திவிடுவோம்.

அட்டை, ரொக்கம், போன்

பாரிஸில் ஒரு காப்பிக்குக்கூட அட்டை வாங்குவார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து 150 யூரோ ரொக்கம் போதும். முன்பே யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டை ஒன்று, வேறு வங்கியின் அட்டை ஒன்று, இரண்டும் இரண்டு பேரிடம், இரண்டு பைகளில். ரூபே அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஈஃபில் கோபுரத்தில் யுபிஐ வந்துவிட்டது என்ற செய்தி 2024இல் பெருமையாகப் பரவியது. உண்மைதான். ஆனால் அதை வைத்து ரொட்டிக்கடையில் ஒரு குரோசான் வாங்க முடியாது.

அட்டையை நீட்டியதும் சில இயந்திரங்கள் ‘ரூபாயிலா, யூரோவிலா?’ என்று கேட்கும். ரூபாய் நம்முடையதாயிற்றே என்று அதைத் தொட்டுவிடுவோம். எப்போதும் யூரோவைத் தொடுங்கள். ரூபாய் என்றால் மாற்று மதிப்பை அந்த இயந்திரத்துக்காரர் போடுவார், அவருடைய லாபத்தையும் சேர்த்து. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். சுற்றுலா இடங்களில் தனியாக நிற்கும் பளபளப்பான ஏடிஎம்களை விட்டுவிட்டு வங்கிச் சுவரில் பதித்திருப்பதில் எடுங்கள், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

போன் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம்முடைய எல்லா வங்கிக் கதவுகளுக்கும் சாவி ஓடிபி. ஓடிபி வரும் சிம் இருக்கும் போனையே கையில் தூக்கிப்பிடித்து வரைபடம் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். அதைப் பறித்துக்கொண்டு ஓடினால் அட்டையை முடக்கக்கூட வழியில்லாமல் நிற்போம். வீட்டில் கிடக்கும் பழைய போன் ஒன்றில் இந்திய சிம்மைப் போட்டு, ரோமிங் செய்துகொண்டு, அறையிலேயே வைத்துவிடுங்கள். கையில் இருக்கும் போனில் இ-சிம் போதும். வங்கி செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டின் வரம்பைக் குறைத்துவையுங்கள். இரண்டு வங்கிகளின் முடக்கும் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி இரண்டு பேரின் பெட்டியிலும் போடுங்கள். போன் போன பிறகு போனில் சேமித்த எண்ணால் என்ன பயன்?

பாஸ்போர்ட்டை நான் முதுகுப்பையில் வைப்பதே இல்லை. வெளிநாட்டவரிடம் ஆவணம் கேட்க அங்கே போலீசுக்கு அதிகாரம் உண்டு, அதனால் சட்டைக்குள் இடுப்பில் கட்டும் மெல்லிய பையில் வைத்துக்கொள்கிறேன். நகலும் படமும் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒன்று. தெற்காசியப் பெண்கள் தங்கம் அணிவார்கள் என்பது அங்குள்ள சங்கிலிப் பறிப்பவர்களுக்கும் தெரியும். பாரிஸில் வாழும் நம் ஆட்களே வெளியே போகும்போது ஸ்கார்ஃபால் கழுத்தை மூடிக்கொள்வார்கள். ஒரு வாரத்துக்குத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள். என் மாமியார்கூட இதை ஒப்புக்கொண்டார்.

முதல் இரண்டு மணி நேரம்

சார்ல் தெ கோல் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று காதோரம் ஒருவர் கேட்பார். நல்ல கோட்டு போட்டிருப்பார், கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். அங்கே சட்டப்படியான டாக்ஸி ஓட்டுநர் யாரும் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை. வெளியே டாக்ஸி வரிசை இருக்கும், கூரையில் விளக்குப் பலகை உள்ள வண்டிகள். கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டது. 2025இல் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. பெட்டிக்கும் இரவுக்கும் கூடுதல் கிடையாது. ஓர்லி விமான நிலையம் என்றால் இன்னும் குறைவு. நான்கு பேர் குடும்பத்துக்கு வாரப் பாஸ் இல்லாவிட்டால் அதே ஆண்டுக் கட்டணப்படி ரயிலுக்கே 52 யூரோ ஆகிவிடும், அப்போது டாக்ஸிதான் புத்திசாலித்தனம்.

இரண்டு பேர், வாரப் பாஸ் என்றால் ஆர்.இ.ஆர். பி என்ற விமான நிலைய ரயில். இந்தத் தடத்தில் பெட்டி வைத்துக்கொண்டு தூங்கும் பயணிகளுக்காகவே ஏறுகிறவர்கள் உண்டு. பெட்டியைக் காலுக்கிடையில் வையுங்கள், கைப்பையை மடியில் வையுங்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணயராதீர்கள்.

டிக்கெட் இயந்திரத்தின் முன் உதவி செய்ய ஒருவர் வந்தால், எவ்வளவு கனிவாக இருந்தாலும், ‘நோன், மெர்சி’ சொல்லி நகருங்கள். உங்கள் அட்டையில் பணம் எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட்டையோ குழந்தை டிக்கெட்டையோ கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பரிசோதகர் பிடிக்கும்போதுதான் நமக்குத் தெரியும்.

மெட்ரோவும் கோபுரமும்

பாரிஸ் பிக்பாக்கெட் சும்மா பயமுறுத்தும் கதை இல்லை. 2013 ஏப்ரலில் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்களே பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் வேலையை நிறுத்தி, ஒரு நாள் லூவ்ரையே மூட வைத்தார்கள். 2015 மே மாதத்தில் ஈஃபில் கோபுர ஊழியர்களும் அதே காரணத்துக்காகக் கோபுரத்தை மூடினார்கள். ஆனால் இதை ஒன்று சொல்லியே ஆகவேண்டும்: இந்தத் திருடர்கள் பெரும்பாலும் அடிப்பதில்லை, கத்தி காட்டுவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நம் கவனம் இரண்டு நொடி வேறு பக்கம் போவதுதான். அதற்கான வித்தைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வித்தை தெரிந்துவிட்டால் பார்த்தவுடன் சிரிப்புத்தான் வரும்.

மெட்ரோவில் கதவு மூடும் மணி அடிக்கும் நொடிதான் முக்கியம். கதவோரம் நின்று போன் பார்க்கிறவரின் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டு குதிப்பார்கள், கதவு மூடிவிடும், நீங்கள் உள்ளே, அவன் வெளியே. ஆகவே கதவோரம் போன் வேண்டாம். ஏறும்போது முன்னால் போகும் ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால், பின்னாலிருந்து ஒருவர் நெருக்கினால், கை தானாகப் பைக்குப் போகட்டும். லூவ்ரையும் ஷாம்ஸெலிஸே வீதியையும் இணைக்கும் 1ஆம் தடத்திலும், கோபுரத்துக்குப் போகும் 6ஆம் தடத்திலும் கூட்டம் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான், திருடர்களும் அங்கேதான். ஒருமுறை 1ஆம் தடத்தில் என் முன்பையின் ஜிப் பாதி திறந்திருந்ததை எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி கைத்தடியால் தட்டிக் காட்டினார். நான் தலையை நிமிர்த்தியபோது பக்கத்தில் நின்ற இரண்டு இளம்பெண்கள் அடுத்த நிலையத்தின் பெயரை ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் அட்டைப்பலகையும் பேனாவும் வைத்துக்கொண்டு, காது கேளாதோருக்காகக் கையெழுத்துக் கேட்பவர்கள் கோபுரத்தடியிலும் லூவ்ர் முற்றத்திலும் நிற்பார்கள். கையெழுத்துப் போட்டதும் நன்கொடை கேட்பார்கள், பலகைக்கு அடியில் இன்னொரு கை வேலை செய்யும். சக்ரே-கேர் தேவாலயத்தின் படிகளில் உங்கள் விரலைப் பிடித்து ஒரு வண்ணக் கயிற்றை முடிந்துவிட்டுப் பணம் கேட்பார்கள். அங்கே கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நடங்கள். நதிக்கரையில் ஒருவர் கீழே குனிந்து ‘தங்க மோதிரம், உங்களுடையதா?’ என்று நீட்டுவார், அது பித்தளை. மூன்று கிண்ணங்களை உருட்டிப் பந்து எங்கே என்று கேட்கும் ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்கள் எல்லாரும் அந்த ஆட்டக்காரரின் கூட்டாளிகள். வேடிக்கை பார்க்க நின்றாலே உங்கள் பை அவர்கள் கணக்கில் வந்துவிடும். சாதாரண உடையில் ‘போலீஸ்’ என்று சொல்லிப் பர்ஸைக் காட்டச் சொன்னால், பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று சொல்லுங்கள்.

மரியாதை கெட்டுப்போகுமே என்று நாம் நின்று பதில் சொல்கிறோம். அதுதான் நம்மை மாட்டவைக்கிறது. பதில் சொல்லாமல் நடப்பதை அந்த ஊரில் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடைக்குள் நுழையும்போது மட்டும் ‘போன்ஜூர்’ சொல்ல மறக்காதீர்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்பதைத்தான் அவர்கள் முரட்டுத்தனம் என்று நினைப்பார்கள்.

மெட்ரோ சாதாரண நாட்களில் நள்ளிரவு ஒன்றேகால் வரையிலும் வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் ஒரு மணி நேரமும் ஓடும். ரயிலில் தொல்லை என்றால் 3117 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

சாப்பாடு

பாரிஸில் பணம் மிச்சம் பிடிக்க எளிய வழி ரொட்டிக்கடை. நீளமான பாகெட் ரொட்டி ஒன்றரை யூரோவுக்குள். சாண்ட்விச், ஒரு பானம், ஒரு இனிப்பு சேர்ந்த மதியச் செட் பத்து யூரோவைச் சுற்றிக் கிடைக்கும். பூங்கா நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், லுக்ஸம்பூர்க் தோட்டத்தின் பச்சை இரும்பு நாற்காலிகளுக்கு வாடகை கிடையாது.

கஃபேயில் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் ஒரு விலை. விலைப்பட்டியலில் இரண்டும் எழுதியிருக்கும். உணவகத்தில் தண்ணீர் கேட்கும்போது ‘யூன் கராஃப் தோ’ என்று சொன்னால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாக வைப்பார்கள். வெறுமனே ‘வாட்டர்’ என்றால் பாட்டில் வரும், பில்லிலும் ஏறும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது, டிப்ஸ் கட்டாயமில்லை. தெருக்களில் கரும்பச்சை நிறத்தில் நான்கு பெண் சிலைகள் தாங்கிநிற்கும் வாலஸ் குடிநீர்க் குழாய்கள் உண்டு. 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் ஊருக்குக் கொடுத்தவை. இன்றும் அதில் பாட்டில் நிரப்பலாம். பக்கத்திலேயே தானாகக் கழுவிக்கொள்ளும் பொதுக் கழிப்பறைகள், நகரம் முழுக்க 400க்கு மேல், எல்லாம் இலவசம். கழிப்பறைக்காகக் கஃபேக்குள் நுழைந்து இரண்டு காப்பி வாங்கும் செலவு மிச்சம்.

பிரெஞ்சுச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட ஆசையென்றால் ‘பூயோன்’ என்ற மலிவு விலை உணவகங்கள். 1896இல் தொடங்கிய பூயோன் ஷார்த்தியே இன்னும் இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், பக்கத்து மேசைக்காரரோடு தோள் இடிக்கும். பில்லை மேசை விரிப்புக் காகிதத்திலேயே கூட்டிப்போடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே கஷ்டம்தான். அவர்கள் மாரே பகுதியின் ரோஸியே தெருவில் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை வாங்கலாம்.

இரண்டு நாளில் நாக்கு செத்துவிடும். அப்போது 2ஆம் தடத்தில் ஏறி லா ஷப்பெல் நிலையத்தில் இறங்குங்கள். ஃபொபூர் சாந்தெனி தெருவின் மேல்முனை முழுக்கத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். 1980களிலிருந்து போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. இடியப்பம், கொத்து ரொட்டி, மட்டன் ரோல்ஸ், தோசை. பத்து யூரோவைச் சுற்றி வயிறு நிறையும். ‘என்ன வேணும் தம்பி?’ என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்கும்போது தூக்கக் கலக்கமே தெளிந்துவிடும். ஊர் நிலவரம், எந்த ஸ்டேஷனில் கவனம், எங்கே சிம் மலிவு என்பதெல்லாம் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் தேர்த்திருவிழா, தெருவில் மலைபோலத் தேங்காய் உடைப்பார்கள். நிலையத்தடியில் சிகரெட் விற்கும் கூட்டத்தில் மட்டும் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். இரவு நெடுநேரம் நிற்காதீர்கள்.

பார்ப்பது

எல்லா டிக்கெட்டையும் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்கள். கோபுரத்தின் உச்சிவரை லிஃப்டில் போக 36 யூரோவைத் தாண்டும். இரண்டாவது தளம்வரை படியேறினால் அதில் பாதிக்கும் குறைவு, படியேறும் வரிசையும் சின்னது. என்னைக் கேட்டால் கோபுரத்தின் மேலிருந்து பார்க்கும்போது பாரிஸில் கோபுரம் இருக்காது. கலெரி லாஃபயெத் கடையின் மொட்டைமாடியிலிருந்து பாருங்கள், காசு கிடையாது.

லூவ்ர் 22 யூரோவாக இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32. நமக்கும் சேர்த்துத்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. 18 வயதுக்குக் கீழ் எந்த நாட்டவரானாலும் இலவசம், குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை விடுமுறை, மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அதற்கும் முன்பதிவு தேவை. ஒரே ஒரு அருங்காட்சியகம்தான் பார்ப்பேன் என்றால் நான் ஓர்சேக்குத்தான் அனுப்புவேன். மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம், கால் வலிப்பதற்குள் வான்கோ வந்துவிடுவார்.

பெத்தி பலே, கர்னவாலே அருங்காட்சியகங்கள் இரண்டிலும் நிரந்தரக் காட்சிகளுக்கு எப்போதுமே கட்டணம் இல்லை. 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துக்குள் நுழைவதும் இலவசம். அதற்கு டிக்கெட் விற்கிறேன் என்று யார் வந்தாலும் ஏமாற்றுதான்.

போய்விட்டால்

எல்லாம் செய்தும் போகலாம். முதல் வேலை அட்டையை முடக்குவது, போலீசுக்கு முன்பே. அறைக்கு வந்து பழைய போனை எடுங்கள், காகிதத்தைப் பாருங்கள். பிறகு வேறொருவர் போனிலிருந்தோ கணினியிலிருந்தோ உங்கள் கணக்குக்குள் போய்த் திருடுபோன போனைப் பூட்டுங்கள்.

அவசர எண் 112. போலீஸ் 17, ஆம்புலன்ஸ் 15. திருட்டுப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பல மொழிகளில் படிவம் வைத்திருப்பார்கள். புகாரின் நகல் இல்லாமல் காப்பீடு கிடைக்காது, ஆகவே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் போயிருந்தால் 16ஆம் வட்டாரத்தில் 9ஆம் தடத்தின் லா மியூயெத் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தியத் தூதரகம். புகார் நகல், புகைப்படங்கள், பழைய பாஸ்போர்ட்டின் நகலோடு போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து இந்தியாவுக்குத் திரும்பலாம், வேறு நாட்டுக்குப் போக முடியாது. அடுத்து ரோம் போகும் திட்டம் இருந்தால் அதோடு முடிந்தது.

கடைசி நாள்

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் பொருள் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், பொதுவாகப் பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேல். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி ‘தெதாக்ஸ்’ படிவம் கேட்க வேண்டும். விமான நிலையத்தில் ‘பாப்லோ’ என்று எழுதிய இயந்திரத்தில் படிவத்தில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் திரை பச்சையாகும். பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், பொருளைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். வரிசை சில நாட்களில் ஒரு மணி நேரம் இழுக்கும்.

ஞாயிறு இரவு விமானமானால் வாரப் பாஸ் அன்று நள்ளிரவுவரை செல்லும். ரயிலில் ஏறும் முன் வேலைநிறுத்தம் ஏதாவது இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள், ‘க்ரேவ்’ என்ற சொல் நிலையப் பலகையில் இருந்தால் களைப்புப் பணத்தில் மிச்சம் இருப்பதை எடுத்து டாக்ஸியில் ஏறிவிடுங்கள்.